கடிகாரத்தோடு ஒரு பந்தயம்

பந்தயம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனதில் எழும் காட்சி பெரும்பாலும் ஒன்றுதான். ஒரே கோட்டில் பலர் நிற்கிறார்கள், கொடி அசைகிறது, அனைவரும் ஒரே நேரத்தில் புறப்படுகிறார்கள், முந்திச் செல்பவர் வெற்றி பெறுகிறார். நம் ஊர் மாட்டு வண்டிப் பந்தயம் முதல் ஃபார்முலா ஒன் கார் பந்தயம் வரை இதுவே இலக்கணம்.

இந்த இலக்கணத்துக்கு உட்படாத மோட்டார் விளையாட்டு ஒன்று உண்டு. அதற்கு ராலி என்று பெயர். அதில் கார்கள் ஓரிரு நிமிட இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகத் தனித்தனியே புறப்படுகின்றன. எதிராளி கண்ணுக்குத் தெரிவதில்லை. போட்டி கடிகாரத்தோடு மட்டுமே. அது நடக்கும் இடமோ வேலியிட்ட அரங்கம் அல்ல. மறுநாள் காலையில் பால் வண்டியும் பள்ளிப் பேருந்தும் போக வேண்டிய சாதாரணச் சாலை.

நம் நாளிதழ்களில் இது சில நேரங்களில் 'கார் பேரணி' என்று மொழிபெயர்க்கப்படுவதுண்டு. படிப்பவர்கள் அதைக் கொடி கட்டிய ஊர்வலம் என்று எண்ணிக்கொள்ளக்கூடும். சிதறிக் கிடப்போர் ஓரிடத்தில் மீண்டும் ஒன்றுகூடுவது என்பதே அச்சொல்லின் அடிப்படைப் பொருள். அரசியல் பேரணிக்கும் அதுவே வேர். ஆனாலும், இந்த விளையாட்டைக் குறிக்க 'ராலி' என்றே எழுதுவது குழப்பம் தவிர்க்கும்.

நீண்ட காலம் பொருளியல் கற்பித்த எனக்கு இந்த விளையாட்டில் ஈடுபாடு ஏற்பட்டதற்கு வேகம் காரணமன்று. பொதுச் சொத்தான சாலையைச் சிலர் சில மணி நேரத்துக்குக் கடன் வாங்குகிறார்கள். அதில் ஆபத்தான செயல் ஒன்றைச் செய்துவிட்டு மீண்டும் மக்களிடம் ஒப்படைக்கிறார்கள். அந்தக் கடனுக்கான நிபந்தனைகள் என்ன? அதன் விலையை யார் கொடுக்கிறார்கள்? இந்தக் கேள்விகளே என்னை ஈர்த்தன.

சாலையில் பிறந்த விளையாட்டு

மோட்டார் வாகனப் போட்டிகள் அனைத்துமே தொடக்கத்தில் பொதுச் சாலைகளில்தான் நடந்தன. 1894-ஆம் ஆண்டு பாரிஸிலிருந்து ரூவான் நகருக்கு நடத்தப்பட்ட போட்டியே இவ்வகையில் முன்னோடி. அடுத்த சில ஆண்டுகளில் ஒரு நகரிலிருந்து இன்னொரு நகருக்கு ஓடும் போட்டிகள் ஐரோப்பாவில் பெருகின. கார்களின் வேகம் ஆண்டுதோறும் உயர்ந்தது; சாலைகளும் மக்களும் பழையபடியே இருந்தனர்.

1903 மே மாதம் பாரிஸ் - மாட்ரிட் போட்டி அதன் விளைவைக் காட்டியது. புழுதிச் சாலையின் இருபுறமும் திரண்டிருந்த கூட்டத்தினூடே கார்கள் பாய்ந்தன. போட்டியாளர்களும் பார்வையாளர்களும் உயிரிழந்தனர். ரெனோ கார் நிறுவனத்தை உருவாக்கிய சகோதரர்களில் ஒருவரான மார்செல் ரெனோவும் அந்தப் போட்டியில் ஏற்பட்ட விபத்தில் இறந்தார். போர்தோ நகரை எட்டியதுமே அரசு போட்டியை நிறுத்திவிட்டது.

அதன் பிறகு மோட்டார் விளையாட்டு இரு கிளைகளாகப் பிரிந்தது. ஒரு கிளை மூடிய ஓடுதளங்களுக்குள் சென்றது. மற்றொன்று சாலையிலேயே தங்கியது. ஆனால், வேகத்தைக் குறைத்து, ஒழுங்கையும் நேரந்தவறாமையையும் அளவுகோலாக்கியது. அந்த இரண்டாவது கிளைதான் ராலி.

1911 ஜனவரியில் மொனாக்கோ நாட்டின் இளவரசர் முதலாம் ஆல்பெர்ட்டின் ஆதரவில் முதல் மான்டி கார்லோ ராலி நடந்தது. ஐரோப்பாவின் வெவ்வேறு நகரங்களிலிருந்து புறப்பட்ட கார்கள் மான்டி கார்லோவில் வந்து கூடின. குளிர்காலத்தில் செல்வந்தர்களைத் தன் நாட்டுக்கு ஈர்ப்பது இளவரசரின் நோக்கம். வேகத்துக்கு மட்டுமல்லாமல், வந்து சேர்ந்த காரின் நிலைக்கும் அதில் பயணம் செய்வோரின் வசதிக்கும் சேர்த்து மதிப்பெண் வழங்கப்பட்டது. ராலி பிறக்கும்போதே சுற்றுலாப் பொருளாதாரத்தின் கைப்பிடித்துப் பிறந்தது என்பது கவனிக்கத்தக்கது.

இன்றைய வடிவம் பிரிட்டனில் உருவானது. பொதுச் சாலையில் வேகப் போட்டி நடத்த அங்கே சட்டம் இடம் தரவில்லை. ஆர்.ஏ.சி. ராலியின் அமைப்பாளர் ஜாக் கெம்ஸ்லி, அரசு வனத்துறையின் காட்டுப் பாதைகளை வாடகைக்குக் கேட்டுப் பெற்றார். 1960-இல் சோதனையாகத் தொடங்கி, 1961 முதல் மூடப்பட்ட காட்டுப் பாதைகளில் முழு வேகத்தில் ஓட்டும் முறை நிலைபெற்றது. உலக ராலி சாம்பியன்ஷிப் 1973-இல் தொடங்கியது.

முந்தி வந்தாலும் அபராதம்

ஒரு ராலியில் இரு வகைப் பாதைகள் உண்டு. முதலாவது, 'ஸ்பெஷல் ஸ்டேஜ்' எனப்படும் சிறப்புக் கட்டம். இது போக்குவரத்துக்கு மூடப்பட்ட சாலை. இங்கு மட்டுமே வேகம் அளக்கப்படும். உலக சாம்பியன்ஷிப் போட்டி ஒன்றில் மூன்று, நான்கு நாள்களில் இத்தகைய கட்டங்களின் மொத்த நீளம் ஏறக்குறைய 300 கி.மீ. இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கூட்டி, குறைவான நேரம் எடுத்தவருக்கு வெற்றி அளிக்கப்படுகிறது.

இரண்டாவது, ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குச் செல்லும் இணைப்புச் சாலை. இது திறந்த பொதுச் சாலை. சற்று முன் மணிக்கு 180 கி.மீ. வேகத்தில் பறந்த அதே கார், இங்கே பதிவு எண் பலகையுடன், காப்பீட்டுடன், சிவப்பு விளக்கில் நின்று, லாரிக்குப் பின்னால் பொறுமையாக ஊர்ந்து செல்ல வேண்டும். இங்கு வேக வரம்பை மீறினால் போட்டி நிர்வாகமே அபராதம் விதிக்கும்.

இணைப்புச் சாலையின் முடிவில் நேரக் கட்டுப்பாட்டு நிலையம் இருக்கும். குறித்த நிமிடத்தில் அங்கே வந்து பதிவு செய்ய வேண்டும். ஒரு நிமிடம் தாமதித்தால் 10 விநாடிகள் அபராதம். ஒரு நிமிடம் முன்னதாகப் பதிவு செய்தால் 60 விநாடிகள் அபராதம்! தாமதத்தைவிட அவசரத்துக்கு ஆறு மடங்கு தண்டனை. வேகத்துக்காகவே நடத்தப்படும் விளையாட்டில் இப்படி ஒரு விதி இருப்பது விந்தையாகத் தோன்றலாம். ஆனால், திறந்த சாலையில் விரைவதற்கு எவருக்கும் எந்த ஆதாயமும் இருக்கக்கூடாது என்பதே அதன் உட்பொருள். மனிதர்களின் நற்குணத்தை மட்டும் நம்பாமல், தவறான ஊக்கத்தை வேரிலேயே அறுத்துவிடும் விதி இது. பொருளியல் மாணவர்களுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

பழுதுபார்க்கும் முறையும் இப்படியே. குறித்த பணிமனைத் திடலில், குறித்த நிமிடங்களுக்குள் மட்டுமே மெக்கானிக்குகள் காரைத் தொடலாம். அதற்கு வெளியே சக்கர அச்சு உடைந்தாலும் ரேடியேட்டர் ஒழுகினாலும், காரில் உள்ள இருவர் மட்டுமே, காரில் உள்ள பொருள்களைக் கொண்டு மட்டுமே சரிசெய்ய வேண்டும். உடைந்த பாகத்தைப் பட்டையால் இறுக்கிக் கட்டிக்கொண்டு கட்டத்தை முடித்தவர்களின் கதைகள் ராலி உலகில் ஏராளம்.

இன்னொரு விதியும் குறிப்பிடத்தக்கது. ஒவ்வொரு காரிலும் 'ஓகே' என்றும் 'எஸ்ஓஎஸ்' என்றும் எழுதிய அட்டை இருக்கும். விபத்தில் சிக்கியவர் 'எஸ்ஓஎஸ்' காட்டினால், பின்னால் வரும் கார் எத்தனை முன்னிலையில் இருந்தாலும் நின்று உதவியாக வேண்டும். நிற்காமல் போனால் தண்டனை. நின்றவருக்கு, இழந்த நேரம் ஈடுசெய்யப்படும். உதவி செய்பவர் நட்டமடையக் கூடாது என்ற எளிய நீதி அது. சாலை விபத்தில் அடிபட்டவரைத் தொடத் தயங்கும் சமூகங்கள் இந்த அட்டையிலிருந்து கற்றுக்கொள்ளலாம்.

கண்ணாக இருக்கும் செவி

ராலி காரில் இருவர் இருப்பர். ஒருவர் ஓட்டுநர். பக்கத்து இருக்கையில் இருப்பவர் துணை ஓட்டுநர். பெயர்தான் அப்படி, போட்டிக் கட்டங்களில் அவர் பெரும்பாலும் ஸ்டியரிங்கைத் தொடுவதே இல்லை. மடியில் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, உரக்க வாசித்துக்கொண்டே வருவார்.

ஓடுதளப் பந்தயத்தில் ஒரே சுற்றைப் பல முறை ஓட்டுவதால் வளைவுகள் மனப்பாடமாகிவிடும். ராலியில் 300 கி.மீ. தூரத்தில் உள்ள ஆயிரக்கணக்கான வளைவுகளை எவரும் நினைவில் வைக்க இயலாது. எனவே, போட்டிக்கு முன்பு இருவரும் சாதாரண காரில், வேக வரம்புக்கு உட்பட்டு, ஒவ்வொரு கட்டத்தையும் இரு முறை கடந்து பார்ப்பர். ஓட்டுநர் சொல்லச் சொல்லத் துணை ஓட்டுநர் குறிப்பெடுப்பார். இதுவே பாதைக் குறிப்பு.

'நூறு, இடது நான்கு, மேடு, வலது இரண்டு, உள்ளே வெட்டாதே' என்று அது போகும். நூறு மீட்டர் கழித்து இடப்பக்கம் ஓரளவு எளிதான வளைவு. உடனே ஒரு மேடு. மேட்டுக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத கடினமான வலது வளைவு. உள்விளிம்பில் கல் இருக்கிறது. பரவலான முறையில் ஒன்று என்பது மிகவும் கூரிய வளைவு; ஆறு என்பது ஏறக்குறைய நேர்ச்சாலை. கொண்டை ஊசி வளைவுக்குத் தனிச் சொல் உண்டு. கொல்லிமலைச் சாலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும், நள்ளிரவில், பனிமூட்டத்தில், ஒருவர் சொல்வதை மட்டும் நம்பி முழு வேகத்தில் ஓட்டுவதாகக் கற்பனை செய்து பாருங்கள்.

இந்தக் குறிப்பு முறைக்கு வழிவகுத்தவர்களுள் முதன்மையானவர் ஒரு பத்திரிகையாளர். 1955-இல் இத்தாலியில் நடந்த மில்லே மில்லியா என்ற சாலைப் போட்டியில் ஸ்டர்லிங் மோஸ் ஓட்டிய மெர்சிடிஸ் காரில் டெனிஸ் ஜென்கின்சன் உடன் அமர்ந்தார். ஏறத்தாழ 1,600 கி.மீ. பாதையின் விவரங்களை நீண்ட காகிதச் சுருளில் எழுதி, ஒரு சிறு பெட்டிக்குள் உருட்டி உருட்டிப் படித்தார். இயந்திர ஓசையில் பேச்சுக் கேட்காது என்பதால் கைச்சைகைகளை வகுத்துக்கொண்டனர். பத்து மணி எட்டு நிமிடத்துக்குள் பாதையைக் கடந்து அவர்கள் வென்றனர்.

நம்பிக்கைதான் இந்த இணையின் மூலதனம். பிரான்ஸின் செபாஸ்டியன் லோப் 2004 முதல் 2012 வரை தொடர்ந்து ஒன்பது முறை உலக சாம்பியன் ஆனார். ஒன்பது முறையும் பக்கத்து இருக்கையில் இருந்தவர் மொனாக்கோவின் டேனியல் எலெனா. 2022 மான்டி கார்லோ ராலியில் லோப் தனது 80-ஆவது வெற்றியைப் பெற்றபோது குறிப்பை வாசித்தவர் இசபெல் கால்மிஷ். அவர் ஒரு பள்ளிக்கூடக் கணித ஆசிரியை. வகுப்பறையில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த குரல், பனி உறைந்த ஆல்ப்ஸ் மலைச் சாலையில் ஒரு சாம்பியனுக்கு வழிகாட்டியது.

அந்த நம்பிக்கையின் மறுபக்கம் துயரமானது. 2005-இல் பிரிட்டன் ராலியில் எஸ்தோனியாவின் மார்கோ மார்ட்டின் ஓட்டிய கார் மரத்தில் மோதியதில், துணை ஓட்டுநர் மைக்கேல் பார்க் உயிரிழந்தார். உலகின் முன்னணி வரிசையில் இருந்த மார்ட்டின், அத்துடன் உலக சாம்பியன்ஷிப்பின் முழுநேரப் போட்டிகளிலிருந்து விலகிக்கொண்டார்.

மண்ணுக்கு ஏற்ற பந்தயம்

ராலியில் ஒவ்வொரு நாடும் ஒரு திணை. பின்லாந்தில் ஏரிகளுக்கும் காடுகளுக்கும் இடையே வழவழப்பான மண் சாலைகள் அலைபோல் ஏறி இறங்கும். கார்கள் மேட்டில் ஏறிக் காற்றில் பறந்து இறங்கும். போட்டியின் சராசரி வேகமே மணிக்கு 120 கி.மீ.க்கு மேல் போகும். சுவீடனில் ஆணி பதித்த டயர்களுடன் உறைபனியில் ஓட்ட வேண்டும். சாலையோரப் பனிச் சுவர்மீது காரைச் சாய்த்தே வளைவைக் கடப்பர். கிரீஸின் அக்ரோபோலிஸ் ராலியில் பாறைகளும் வெப்பமும் காரைப் பிய்த்துப் போடும். மான்டி கார்லோவில் ஒரே மலைச் சாலையின் ஒருபுறம் உலர்ந்த தார், மறுபுறம் கண்ணாடிபோல் பனி. எந்த டயரைத் தேர்வது என்பதே அங்கு பாதிப் போட்டி.

மண் சாலைப் போட்டிகளில் சுவையான ஒரு சிக்கல் உண்டு. முதலில் செல்லும் கார் மேலே கிடக்கும் சரளையைப் பெருக்கிவிட்டுச் செல்கிறது. பின்னால் வருபவர்களுக்குப் பிடிமானமுள்ள தரை கிடைக்கிறது. சாம்பியன்ஷிப் பட்டியலில் முன்னிலையில் இருப்பவரே முதல் நாளில் முதலில் புறப்பட வேண்டும் என்பது விதி. ஆக, நேற்றைய வெற்றியாளர் இன்று மற்றவர்களுக்காகப் பாதையைத் துப்புரவு செய்கிறார்! மழை பெய்தால் கணக்கு மாறிவிடும். பின்னால் வருபவர்களுக்குச் சேறுதான் மிஞ்சும். முன்னோடிகளின் உழைப்பில் பின்வருவோர் பெறும் இலவசப் பயனைப் 'புறவிளைவு' என்று நாங்கள் வகுப்பில் விளக்குவோம். அதைக் கண்ணால் காண வேண்டுமெனில் ஒரு மண் சாலை ராலி போதும்.

இந்த வரிசையில் இந்தியர்கள் அறிய வேண்டியது கென்யாவின் சஃபாரி ராலி. இரண்டாம் எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவையொட்டி 1953-இல் கென்யா, உகாண்டா, தாங்கனிக்கா நாடுகளினூடே அது தொடங்கியது. பழைய சஃபாரி பல நாள்கள், சுமார் 5,000 கி.மீ. நீளும். சாலைகள் மூடப்படுவதில்லை, எதிரே லாரியும் வரலாம், ஒட்டகச்சிவிங்கியும் வரலாம். 1963-லும் 1968-லும் ஏழு கார்கள் மட்டுமே போட்டியை முடித்தன.

அந்தப் போட்டியை 1965, 1974, 1976 ஆகிய ஆண்டுகளில் வென்றவர் ஜோகிந்தர் சிங். பஞ்சாபிலிருந்து குடியேறிய குடும்பத்தில் கென்யாவில் பிறந்தவர்; மெக்கானிக்காக வளர்ந்தவர். 1965-இல் தம்பி ஜஸ்வந்துடன் அவர் வென்றது ஒரு பழைய வால்வோ காரில். 'பறக்கும் சீக்கியர்' என்று கிழக்கு ஆப்பிரிக்கா அவரைக் கொண்டாடியது. உகாண்டாவில் பிறந்த மற்றோர் இந்திய வம்சாவளியினரான சேகர் மேத்தா 1973-இலும், பின்னர் 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு முறையும் சஃபாரியை வென்றார். இந்த ஐந்து வெற்றிகள் ஒரு சாதனை. விளையாட்டுத் துறையில் புலம்பெயர்ந்த இந்தியர்களைப் பற்றிப் பேசும்போது இவ்விருவரின் பெயர்கள் நம் நாவில் வருவதில்லை என்பது வருத்தத்துக்குரியது.

வேகம் கேட்ட விலை

உற்பத்தி நிறுவனங்களின் கணக்கு எளிது. கண்காட்சி அரங்கில் உள்ள காரைப் போன்ற ஒன்று காட்டிலும் மலையிலும் வெல்வதைப் பார்க்கும் மக்கள் அதை வாங்குவர். போட்டிக்கு அனுமதிக்கப்பட வேண்டுமெனில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் அதே மாதிரிக் கார்களைத் தயாரித்திருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் அமைப்பைச் சாலைக் கார்களில் பரவலாக்கியதில், 1981-இல் உலக ராலிக்குள் நுழைந்த ஆடி குவாட்ரோவுக்குப் பெரும் பங்கு உண்டு.

அந்தக் காரில்தான் பிரான்ஸின் மிஷேல் மூத்தோன், 1981-இல் இத்தாலியின் சான்ரெமோ ராலியை வென்றார். உலக ராலி சாம்பியன்ஷிப் போட்டி ஒன்றை வென்ற முதல் பெண் ஓட்டுநர் அவர். அவருடைய துணை ஓட்டுநர் ஃபாப்ரிசியா பொன்ஸும் பெண்ணே. அடுத்த ஆண்டு மூன்று போட்டிகளை வென்று, சாம்பியன்ஷிப்பில் இரண்டாம் இடம் பெற்றார். ராலியில் ஆண், பெண் எனத் தனிப் பிரிவுகள் இல்லாமலே இது நடந்தது. ஆனால், அவருக்குப் பிறகு அந்த உயரத்தை எட்டிய பெண் ஓட்டுநர் எவரும் இல்லை.

1982-இல் 'குரூப் பி' என்ற புதிய விதிமுறை வந்தது. 200 கார்கள் தயாரித்தால் போதும் என்று தளர்த்தப்பட்டதால், நிறுவனங்கள் போட்டிக்கென்றே கார்களை வடிவமைத்தன. ஏறக்குறைய ஒரு டன் எடை. 450 குதிரைத்திறனுக்கும் மேற்பட்ட ஆற்றல். மக்கள் வெள்ளமெனத் திரண்டனர். ராலிக்கு வாயிற்கதவும் இல்லை, நுழைவுச் சீட்டை முழுமையாக வலியுறுத்தவும் இயலாது. போர்ச்சுகலில் கூட்டம் சாலை நடுவிலேயே நின்று, கார் நெருங்கும்போது விலகுவதை வீரமாகக் கருதியது.

1986 மார்ச்சில் அங்கே ஒரு கார் கட்டுப்பாட்டை இழந்து கூட்டத்துக்குள் பாய்ந்தது. மூவர் இறந்தனர், முப்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். அதே ஆண்டு மே 2-ஆம் தேதி கோர்சிகா தீவில், பின்லாந்தின் ஹென்றி டொய்வோனன் ஓட்டிய லான்சியா கார் ஒரு வளைவில் சாலையிலிருந்து விழுந்து எரிந்தது. அவரும் துணை ஓட்டுநர் செர்ஜியோ கிரெஸ்டோவும் உயிரிழந்தனர். டொய்வோனனுக்கு அப்போது 29 வயது. அந்த ஜனவரியில்தான் அவர் மான்டி கார்லோ ராலியை வென்றிருந்தார்; சரியாக இருபது ஆண்டுகளுக்கு முன்பு, 1966-இல், அதே போட்டியில் வெற்றியாளராக அறிவிக்கப்பட்டவர் அவருடைய தந்தை பவுலி டொய்வோனன்.

குரூப் பி கார்கள் அந்த ஆண்டோடு தடை செய்யப்பட்டன. அபாய எச்சரிக்கைகள் முன்பே ஒலித்திருந்தன. ஆனால், கூட்டமும் விளம்பரமும் பெருகிக்கொண்டிருந்த காலத்தில் அவற்றைச் செவிமடுக்க எவருக்கும் ஊக்கம் இல்லை. ஆதாயம் சிலருக்கும் ஆபத்து பலருக்கும் எனப் பிரிந்து கிடக்கும் இடங்களில் இதுதான் நடக்கும். ராலியின் பாதுகாப்பு விதிகளில் பலவும் யாரோ ஒருவரின் மரணத்துக்குப் பின் எழுதப்பட்டவை.

நம் மண்ணில்

1980-களில் இமாலயன் ராலி வெளிநாட்டு ஓட்டுநர்களை இந்திய மலைச் சாலைகளுக்கு அழைத்து வந்தது. தமிழகத்துக்கு இவ்விளையாட்டில் தனி இடம் உண்டு. சென்னை மோட்டார் விளையாட்டு மன்றம் 1953-இல் தோன்றியது. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் அது நடத்திய பந்தயங்களை என் தலைமுறையினர் மறந்திருக்க மாட்டார்கள். கோவையின் லேத் பட்டறைகளும் வார்ப்பாலைகளும் இயந்திரத்தை நேசிக்கும் ஒரு பண்பாட்டை வளர்த்தன. கரிவரதன் போன்ற வடிவமைப்பாளர்களும், தேசிய ராலி பட்டங்களைப் பலமுறை வென்ற லீலாகிருஷ்ணனும் அந்த மண்ணின் விளைச்சல். தில்லியைச் சேர்ந்த கெளரவ் கில் ஆசிய - பசிபிக் ராலி பட்டத்தை 2013, 2016, 2017 ஆகிய ஆண்டுகளில் வென்று, 2019-இல் அர்ஜுனா விருது பெற்றார். மோட்டார் விளையாட்டுக்காக ஒருவர் அவ்விருதைப் பெற்றது அதுவே முதல் முறை.

கோவைப் பகுதியில் காற்றாலைகள் நிற்கும் நிலங்களின் மண் பாதையில் ஒரு ராலியைப் பார்த்திருக்கிறேன். பார்ப்பதற்கு அதிகம் ஒன்றுமில்லை. தொலைவில் விசில் ஒலிக்கும், ஐந்து விநாடிகள் ஒரு கார் கண்ணில் படும், பிறகு செம்புழுதி. அடுத்த கார் வரும்வரை காத்திருக்க வேண்டும். என் கவனத்தைக் கவர்ந்தவர்கள் வெயிலில் கொடியும் வாக்கி-டாக்கியுமாக நின்ற இளைஞர்கள். பெரும்பாலோர் பொறியியல் கல்லூரி மாணவர்கள். ஊதியம் இல்லை, உணவுப் பொட்டலமும் ஒரு டி-ஷர்ட்டும்தான். ஆடு மேய்த்துக்கொண்டு வந்த ஒரு முதியவரை, 'ஐயா, இன்னும் பத்து வண்டி இருக்கு, கொஞ்சம் உட்காருங்க' என்று நிழலில் அமர்த்தி, அவருடைய ஆடுகளையும் மறித்துக்கொண்டு நின்றான் ஒருவன். ஒரு ராலி பாதுகாப்பாக நடப்பது இத்தகையவர்களால்தான். கோடி ரூபாய்க் காரின் பாதுகாப்பு, கூலி பெறாத ஒரு மாணவனின் விழிப்பில் தொங்குகிறது.

அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டாலும் என்ன ஆகும் என்பதை 2019 செப்டம்பரில் ராஜஸ்தான் மாநிலம் பார்மேர் மாவட்டத்தில் கண்டோம். தேசிய ராலி சாம்பியன்ஷிப்பின் ஒரு சுற்றில், போட்டிக்காக மூடப்பட்டிருந்த சாலைக்குள் வந்த இருசக்கர வாகனத்தின்மீது போட்டிக் கார் மோதியது. கணவர், மனைவி, மகன் என ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூவர் உயிரிழந்தனர். போட்டி கைவிடப்பட்டது.

குற்றம் யாருடையது என்பதைச் சட்டம் பார்க்கட்டும். நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஓட்டுநர் ஆபத்தை அறிந்து, தலைக்கவசமும் தீப்பிடிக்காத உடையும் அணிந்து, இரும்புக் கூண்டுக்குள் அமர்ந்திருக்கிறார். அதைத் தாமே தேர்ந்திருக்கிறார். தன் ஊர்ச் சாலையில் வழக்கம்போல் போகும் குடும்பத்துக்கு அந்தத் தேர்வும் இல்லை, கவசமும் இல்லை. சாலை அடைக்கப்படும் செய்தி ஆங்கில அறிக்கையாக ஆட்சியர் அலுவலகத்தில் இருந்தால் போதாது. முந்தைய நாள் தண்டோராவாக அந்த ஊரின் டீக்கடை வாசலை எட்ட வேண்டும். ஒவ்வொரு வண்டிப் பாதையும், ஒற்றையடிப் பாதையும் சாலையோடு சேரும் இடத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும். அதற்கு ஆகும் செலவைப் போட்டிச் செலவின் முதல் வரியாக எழுத வேண்டும். அதைக் கொடுக்க இயலாதவர்களுக்குச் சாலையைக் கடன் தரக் கூடாது.

சட்டத்தில் இதற்கு இடமிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆவது பிரிவு, மாநில அரசின் எழுத்துபூர்வமான ஒப்புதலின்றிப் பொது இடத்தில் வேகப் போட்டி நடத்துவதையும் அதில் பங்கேற்பதையும் குற்றமாக்குகிறது. அந்த ஒப்புதல் வெறும் முத்திரையாக இல்லாமல், நிபந்தனைகளின் பட்டியலாக இருக்க வேண்டும். ஊராட்சியின் கருத்தைக் கேட்பதும், சேதமான பாதையைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முன்வைப்புத் தொகை வாங்குவதும், அவசர ஊர்தி வந்து நிற்கும்வரை கட்டத்தைத் தொடங்காமல் இருப்பதும் அப்பட்டியலில் இடம்பெற வேண்டும்.

ஆபத்தானது என்பதற்காக இவ்விளையாட்டையே தடை செய்துவிடலாம் என்று சிலர் வாதிடலாம். நான் அக்கட்சியைச் சேர்ந்தவன் அல்லன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் நள்ளிரவில் பைக் பந்தயம் ஓட்டி உயிரிழக்கும் இளைஞர்களைப் பற்றிய செய்திகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. வேகத்தின் மீதான வேட்கையை எந்தத் தடையாலும் ஒழிக்க முடியாது. அதற்கு ஓர் இடத்தையும் ஒழுங்கையும் தர முடியும். லோப் பள்ளிப் படிப்பை முடிக்காதவர். எலக்ட்ரீசியன் பயிற்சி பெற்றவர். பிரான்ஸின் மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பு இளைஞர்களுக்கென நடத்திய திறனறிப் போட்டிதான் அவரை உலகுக்குக் காட்டியது. பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமே எட்டும் விளையாட்டாக இது இங்கே நீடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் மாணவர்களுக்கு ஓட்டுநர், துணை ஓட்டுநர், மெக்கானிக், நேரக் காப்பாளர் எனப் பல வாசல்களை இது திறக்கக்கூடும்.

சாலையில் முறுக்கிக்கொண்டு செல்லும் இளைஞனுக்கு அறிவுரை சொன்னால் கேட்க மாட்டான். அவனிடம் உலகின் மிக வேகமான ஓட்டுநர்கள் கடைப்பிடிக்கும் அந்த ஒரு விதியைச் சொல்லிப் பார்க்கலாம்: மூடிய சாலையில் விநாடியில் பத்தில் ஒரு பங்குக்குப் போராடுபவர்கள், திறந்த சாலையில் ஒரு நிமிடம் முன்னதாக வந்தால் அபராதம் கட்டுகிறார்கள். சாலை எல்லோருக்கும் பொதுவானது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு)